ரிப்போர்ட்டில் "டபுள் பைலோரஸ்" என்று எழுதியிருக்கிறதா? அடுத்து செய்ய வேண்டியவை

எண்டோஸ்கோப்பி முடிந்து கையில் கொடுத்த காகிதத்தில், நான்கைந்து வண்ணப் படங்களுக்குக் கீழே "டபுள் பைலோரஸ்" என்றோ "கேஸ்ட்ரோடுவோடினல் ஃபிஸ்டுலா" என்றோ ஒரு வரி இருந்தால், முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது புற்றுநோயின் பெயர் இல்லை. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டிய விஷயமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் "ரேர் கேஸ்தான், ஒன்றும் பயமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பதற்காக ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும் கூடாது. வயிற்றில் இரண்டாவதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது என்றால், அதைத் திறந்த ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, பல சமயம் இன்னும் இருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் வைத்தியம். ஓட்டைக்கு என்று தனி வைத்தியம் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

உள்ளே என்ன நடந்தது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். இரைப்பையின் அடிப்பகுதியில், சிறுகுடல் தொடங்கும் இடத்தில், வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. அதுதான் பைலோரஸ். சாப்பிட்ட சோறும் காய்கறியும் இரைப்பையில் அரைபட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தூளான பிறகுதான் இந்த வளையம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பக்கம் விடும். அடுத்த பக்கம் இருப்பது முன்சிறுகுடல், அதன் ஆரம்பம் சிறு குமிழ் போல இருப்பதால் பல்ப் என்பார்கள். வளையத்துக்கு மிக அருகில், இரைப்பையின் உள்வளைவுப் பக்கமாக ஒரு புண் வந்து ஆறாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போனால், சுவரைத் தாண்டி வெளியே வந்துவிடும். சாதாரணமாக அப்படி வெளியே வந்தால் அது "அல்சர் வெடித்துவிட்டது" என்கிறோமே, அந்த ஆபத்து: இரைப்பையில் இருப்பது வயிற்றறைக்குள் கொட்டும், உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் சிலருக்கு, புண்ணின் வீக்கத்தால் இரைப்பைச் சுவரும் பக்கத்திலேயே இருக்கும் பல்பின் சுவரும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். புண் தோண்டிக்கொண்டு போய் நேராகச் சிறுகுடலுக்குள்ளேயே திறந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது. பழைய வளையம் ஒரு வழி, புண் போட்ட பாதை இன்னொரு வழி, நடுவில் பாலம் மாதிரி ஒரு சதைப்பட்டை. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் மூக்குத்துளை போல அடுத்தடுத்து இரண்டு திறப்புகள் தெரியும். சில சமயம் புண் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது சிறுகுடலிலிருந்து இரைப்பையை நோக்கித் தோண்டியும் இது வரும்.

பிறவியிலேயே இரண்டு வழியோடு இருப்பவர்களும் உண்டு, அவர்கள் மிகச் சிலர். மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இது அல்சரின் வேலை. 1969-இல் ஸ்மித், டட்டில் என்ற இரண்டு மருத்துவர்கள் எண்டோஸ்கோப்பியில் இதைப் பார்த்து முதன்முதலாக எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் வந்த கணக்குகளைப் பார்த்தால் ஆயிரம் எண்டோஸ்கோப்பிக்கு அதிகபட்சம் நான்கு, குறைந்த கணக்கில் லட்சத்துக்கு ஒன்று. ஆண்களிடம் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்கும் நோய்) இவையெல்லாம் கூடவே இருப்பவர்களிடம் அதிகம் பார்த்திருக்கிறார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதுதான், இந்த நோய்களில் புண் ஆறுவது தாமதமாகும், அல்லது புண் உண்டாக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

முதல் வேலை: ரிப்போர்ட்டை டாக்டரோடு உட்கார்ந்து வாசிப்பது

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "இது என்ன டாக்டர், சீரியஸா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். புண் இப்போதும் இருக்கிறதா, இல்லை ஆறி வெறும் வழி மட்டும் மிஞ்சியிருக்கிறதா? இரண்டு வழியும் பல்புக்குள்தான் போகிறது என்று உறுதி செய்தீர்களா, டியூப் எந்த வழியாகப் போனது? வழி சுருங்கியிருக்கிறதா? புண்ணின் ஓரத்திலிருந்து சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினீர்களா? அல்சரை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு டெஸ்ட் செய்தீர்களா, செய்தபோது நான் ஆசிட் மாத்திரை (அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே, அந்த ரிசல்ட்டை நம்பலாமா?

பயாப்ஸியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இரைப்பையில் இருக்கும் எந்தப் புண்ணையும் கண்ணால் பார்த்து மட்டும் "சாதாரணப் புண்" என்று சொல்லிவிட முடியாது, சில புற்றுநோய்கள் அச்சு அசல் அல்சர் மாதிரியே உட்கார்ந்திருக்கும். அரிதாகப் புற்றுநோயே இப்படி ஒரு பாதையை உண்டாக்குவதும் உண்டு. பயாப்ஸி எடுத்திருந்தால் அதன் ரிசல்ட் வர சில நாள் ஆகும், அது தனிக் காகிதமாக வரும், பலர் அதை வாங்கவே போவதில்லை. ஸ்கோப்பி ரிப்போர்ட்டோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். போய் வாங்குங்கள். அவசியம் வாங்குங்கள். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, அதனால் அன்றைக்கு சதை எடுக்கவில்லை என்று சொன்னால், அப்போ எப்போது எடுப்பீர்கள் என்று தேதி கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் "டபுள் பைலோரஸ்" என்பதோடு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம். ஆழமான புண்ணின் குழி, தழும்பு இழுத்ததால் உண்டான மடிப்பு இவையெல்லாம் முதல் பார்வைக்கு இன்னொரு வாசல் போலத் தெரியும். வீக்கம் வடிந்த பிறகு செய்யும் அடுத்த ஸ்கோப்பியில் தெளிவாகிவிடும். டியூப் உள்ளே போகாத அளவுக்குச் சின்ன ஓட்டையாக இருந்தால் சிலருக்கு பேரியம் மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள்.

இரண்டாவது வேலை: வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் வெளியே எடுப்பது

என்னைக் கேட்டால் முழு வைத்தியத்திலும் இதுதான் முக்கியமான இடம், அதிகம் கோட்டை விடுகிற இடமும் இதுதான். "வலி மாத்திரை சாப்பிடுவீர்களா?" என்று டாக்டர் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் "இல்லை சார், எப்பவாவது" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அது வலி மாத்திரை என்றே தெரியாது. முட்டிக்கு ஒன்று, "வாதத்துக்கு" ஒன்று, தலைவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று பெயர் மட்டும்தான் வேறு வேறு.

அதனால் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, மாத்திரை டப்பா, ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் கவர், கைப்பை, அலுவலக டிராயர், பூஜை அலமாரி ஓரம் என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்துத் தரையில் பாய் விரித்துக் கொட்டுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைத்தான் வாசிக்க வேண்டும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், பைராக்சிகாம், கீட்டோரோலாக், மெஃபெனமிக் ஆசிட், நிமிசுலைட், இண்டோமெத்தசின், ஆஸ்பிரின். இதில் எது இருந்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். எட்டோரிகாக்சிப் மாதிரியானவை வயிற்றுக்குக் கொஞ்சம் தேவலை என்பார்கள், உண்மைதான், ஆனால் ஏற்கெனவே புண் ஓட்டை போட்ட வயிற்றுக்கு அதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென் சேர்த்த கூட்டு மாத்திரைகள் நம் ஊரில் ஏராளம், "பாரசிட்டமால்தானே" என்று நினைத்து அதைச் சாப்பிடுபவர்கள் நிறைய.

அட்டையே இல்லாமல் சின்னப் பேப்பர் கவரில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நான்கு மாத்திரைகள் கலந்து, "காலை ஒரு பொட்டலம், ராத்திரி ஒரு பொட்டலம்" என்று கடையிலோ சின்ன கிளினிக்கிலோ கொடுத்தது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போங்கள். ஒரே நாளில் வலி பறந்துவிடுகிறது என்றால் அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டும் சேர்ந்தால் வயிற்றுப்புண் அபாயம் கூடுவது மட்டுமில்லை, வலியே தெரியாமல் புண் ஆழமாகவும் போகும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வேறு ஆபத்து இருக்கிறது, அதனால் அதையும் டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெயர் போடாத மூட்டுவலிச் சூரணம், லேகியம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

இன்னொன்று, ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் பாதிப்பில்லை என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. தவறு. இந்த மருந்துகள் வயிற்றுச் சுவரைப் பாதுகாக்கும் பொருள் சுரப்பதை ரத்தத்தின் வழியாகவே தடுக்கின்றன. ஊசியாக இடுப்பில் போனாலும், ஆசனவாயில் வைத்தாலும் அந்த வேலை நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் அதே மாதிரிதான், எரிச்சல் கொஞ்சம் குறையுமே தவிர புண் வருவதைத் தடுக்காது.

இதயத்துக்காக, ஸ்டென்ட் வைத்ததற்காக, பக்கவாதத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர்கள் இந்த இடத்தில் நின்று வாசியுங்கள்: அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. வயிற்றைக் காப்பாற்றப் போய் மாரடைப்பை வரவழைத்த கதையாகிவிடும். இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஆசிட் மாத்திரை எழுதும்போது அதையும் நினைவுபடுத்துங்கள், ஒமெப்ரசோலும் ஈசோமெப்ரசோலும் அதன் வேலையைக் குறைக்கக் கூடியவை, பான்டோப்ரசோல் மாதிரி வேறு ஒன்றை எழுதுவார்கள்.

சரி, வலி வந்தால் என்னதான் செய்வது? பாரசிட்டமால் மட்டும் தனியாக உள்ள மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் பரவாயில்லை, டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதிலும் குறைவு. முட்டி வலிக்குத் தொடைத்தசைப் பயிற்சியும் எடை குறைப்பும் நிஜமாகவே வேலை செய்கின்றன, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். முடக்குவாதம் உள்ளவர்கள் வாத நோய் டாக்டரிடம் போய் "வலி மாத்திரை இல்லாமல் நோயையே கட்டுப்படுத்துகிற மருந்து" பற்றிப் பேசுங்கள், அது இருக்கிறது.

மூன்றாவது: எச். பைலோரி இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது

1980-கள் வரைக்கும் அல்சர் என்றால் டென்ஷன், காரம், பட்டினி என்றுதான் உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமிதான் காரணம் என்றபோது யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை வருஷம் ஆன பிறகும் வருஷக்கணக்கில் ஆசிட் மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு முறைகூட இந்தக் கிருமிக்கு டெஸ்ட் எடுக்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ஸ்கோப்பி செய்யும்போதே துளி சதை எடுத்து ஒரு சின்ன மஞ்சள் குழியில் போட்டு, நிறம் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆர்யூடி என்று ரிப்போர்ட்டில் இருக்கும். மாறினால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மாறவில்லை என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, இதைத்தான் மறக்கக் கூடாது. கடந்த இரண்டு வாரத்தில் ஆசிட் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, நான்கு வாரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலோ, புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ கிருமி இருந்தும் நெகட்டிவ் என்று வரும். அப்படி வந்திருந்தால் வேறொரு முறையில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்: மூச்சுப் பரிசோதனை, அல்லது மலத்தில் ஆன்டிஜென் பரிசோதனை. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது கிருமி ஒழிந்ததா என்று தெரிந்துகொள்ள உதவாது, கிருமி போன பின்னும் வெகுகாலம் பாசிட்டிவாகவே காட்டும்.

கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் கோர்ஸ். நம் நாட்டில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்தக் கிருமி நன்றாகப் பழகிவிட்டது, அதனால் பிஸ்மத் சேர்த்த நான்கு மருந்துக் கோர்ஸைப் பல டாக்டர்கள் முதலிலேயே எழுதுகிறார்கள். மாத்திரை எண்ணிக்கை அதிகம், வாய் கசக்கும், இரும்பை நக்கியது போல ஒரு ருசி வரும், வயிறு புரட்டும். ஐந்தாம் நாள் "சரியாகிவிட்டது" என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக மாறிவிடும், அடுத்த கோர்ஸ் இன்னும் கஷ்டமாகும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு எழுதிய கோர்ஸை இன்னொருவர் வாங்கிப் போடவும் வேண்டாம். டெட்ராசைக்ளின் இருந்தால் பாலோடு போடாதீர்கள், பால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல் சாப்பிடும் நாள்களில் மது கண்டிப்பாகக் கூடாது. பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், அது பயப்பட வேண்டிய கறுப்பு இல்லை.

கோர்ஸ் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அதில் கடைசி இரண்டு வாரம் ஆசிட் மாத்திரையை நிறுத்தி, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். புண் ஆறாத நிலையில் ஆசிட் மாத்திரையை நிறுத்தலாமா, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுப் பரிசோதனை வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதி, ஒரு திரவமோ கேப்சூலோ குடித்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதுவது, அவ்வளவுதான். கர்ப்பிணிகள் கார்பன்-14 வகையைத் தவிர்த்து கார்பன்-13 வகையைக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி டெஸ்ட்டைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். வலி போய்விட்டது என்றால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஆசிட் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது

பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், ஈசோமெப்ரசோல் எதுவானாலும் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். அமிலம் சுரக்கும் பம்ப்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்துக்கொள்ளும், மாத்திரை அப்போது ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன். மாத்திரையை நசுக்கவோ கடிக்கவோ கூடாது, மேல்பூச்சு போய்விடும். ஜெலூசில் மாதிரியான வெள்ளை மருந்து எரிச்சலை அடக்கும், புண்ணை ஆற்ற அதை நம்ப வேண்டாம்.

எவ்வளவு நாள்? புண் ஆறப் பொதுவாக எட்டு வாரம் வரை. வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ தவிர்க்கவே முடியாதவர்களுக்கு அதற்குப் பிறகும் தொடரச் சொல்வார்கள். வருஷக்கணக்கில் போகும் என்றால் டாக்டரிடம் ஒரு முறை கேட்டு பி12, மெக்னீசியம் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அக்கம்பக்கத்தில் அதிகம் சொல்வார்கள். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை, சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், கூட்டினால் குறையுங்கள். மணிக்கொரு தடவை பால் குடிப்பது பழைய வைத்தியம், பால் கொஞ்ச நேரம் இதமாக இருந்துவிட்டு அமிலத்தை மேலும் சுரக்க வைக்கும். மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், வடக்கே கோதுமை சாப்பிடும் பகுதிகளைவிடத் தெற்கே அரிசி சாப்பிடும் பகுதிகளில் சிறுகுடல் புண் அதிகம் என்று எழுதியிருக்கிறார், நம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிகளில் அல்சர் ஆபரேஷன் வரிசை கட்டி நின்ற காலம் அது. அதற்காகச் சோற்றை விட வேண்டாம். ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள், வழி சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் நார்நாராக இருக்கும் முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் மாதிரியானவை வேண்டாம், நன்றாக மென்று சாப்பிடுங்கள். சிகரெட், பீடி கட்டாயம் நிறுத்த வேண்டும். புண் ஆறுவதை அவை தாமதப்படுத்தும் என்பதில் சந்தேகமே இல்லை.

எப்போது ஓட வேண்டும்

மலம் தார் மாதிரி கறுப்பாக, ஒட்டும் பதத்தில், ஒரு தனி நாற்றத்தோடு போனால் அது உள்ளே கசிந்த ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் பிஸ்மத்தாலும் வரும் கறுப்பு வேறு, அது ஒட்டாது, நாறாது, தலை சுற்றாது. சந்தேகமாக இருந்தால் ரத்தம் என்றே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிவப்பாகவோ காபித்தூள் மாதிரியோ வாந்தி வந்தாலும் அப்படித்தான். இருந்தாற்போல் கத்தியால் குத்தியது போல வயிற்று வலி வந்து, வயிறு பலகை மாதிரி விறைத்து, அசைந்தாலே உயிர் போகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், அந்த நேரத்தில் வலி ஊசி போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. குடிக்க எதுவும் கொடுக்கவும் கூடாது.

இன்னொன்று மெதுவாக வரும். மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி வாந்தியில் அப்படியே வருகிறது, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, வயிற்றை அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம், உடம்பு இளைக்கிறது. இரண்டு வழி இருந்தாலும், வீக்கத்தாலும் தழும்பாலும் இரண்டுமே சுருங்கலாம். வாந்தியால் உடம்பில் உப்புச்சத்துகள் தாறுமாறாகும், அதுவே தனி ஆபத்து. இதை "கேஸ்" என்று சோடா குடித்துத் தள்ளிப்போடாதீர்கள், ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள்.

மறுபடி ஸ்கோப்பி, அதற்குப் பிறகு

இரைப்பையில் புண் இருந்தவர்களுக்கு எட்டு வாரம் போலக் கழித்து ஆறிவிட்டதா என்று மறுபடி பார்ப்பது நல்லது. "ஒரு தடவை பட்டதே போதும்" என்று பலர் தவிர்க்கிறார்கள். முதல் தடவையைவிட இது சுலபமாகவே இருக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்பிரே, இடது பக்கமாகப் படுத்து வாயில் ஒரு வளையத்தைக் கடித்துக்கொண்டால் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், எச்சிலை விழுங்காமல் வழிய விடுங்கள், அது போதும். தொண்டை மரப்பு போகும் வரை தண்ணீர் குடிக்க வேண்டாம், மயக்க ஊசி போட்டிருந்தால் அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். செலவு பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள், சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இரைப்பை குடலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

அந்த ஸ்கோப்பியில் புண் ஆறியும் இரண்டு வாசல் அப்படியே இருந்தால் மனம் உடைய வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அந்த வழி மூடுவதில்லை, உள்ளே வழவழப்பான சவ்வு வளர்ந்து நிரந்தரமாகத் திறந்தே இருக்கும். சிலருக்கு மூடிவிடும். இன்னும் சிலருக்கு நடுவில் இருந்த சதைப்பட்டை கரைந்து இரண்டும் ஒரே பெரிய வாசலாகிவிடும். திறந்திருந்தால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று இல்லை. புண் ஆறியிருக்கிறதா, ரத்தம் கசியவில்லையா, சாப்பாடு தடையில்லாமல் போகிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். அப்படி இருக்கும் வரை அந்த இரண்டாவது வாசலோடு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் புண் ஆறவில்லை என்றால், ஆபரேஷனுக்கு முன்னால் சில கேள்விகள் பாக்கி இருக்கின்றன. கிருமி நிஜமாகவே போய்விட்டதா? வலி மாத்திரை எங்கிருந்தாவது உள்ளே போய்க்கொண்டிருக்கிறதா? மறுபடி பயாப்ஸி எடுத்தாயிற்றா? காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அரிய நோய் இருக்கலாமா, அதற்கு ரத்தப் பரிசோதனை தேவையா? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகும் புண் அடங்காமல் இருந்தால், ரத்தக்கசிவு நிற்காவிட்டால், வழி அடைத்துக்கொண்டால் அப்போதுதான் அறுவை சிகிச்சையோ, எண்டோஸ்கோப்பி வழியாக நடுப்பட்டையை வெட்டுவதோ, பலூன் வைத்து வழியை விரிப்பதோ பேச்சுக்கு வரும். அந்தக் கட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு.

ஸ்கோப்பி படத்தையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும், கை முறிந்து கட்டுப் போடப் போனாலும், காய்ச்சலுக்கு ஊசி போடும் கிளினிக்குக்குப் போனாலும், ஊசி மருந்தை எடுப்பதற்கு முன்னாலேயே "எனக்கு அல்சர் ஓட்டை போட்டு இரண்டு வழி ஆகியிருக்கிறது, வலி மருந்து எதுவும் வேண்டாம்" என்று சொல்லி அந்தப் படத்தைக் காட்டுங்கள்.